படகு வராத பதிப்பு

ஊத்தான் மெலிந்தாங், இரவு பதினொன்று.
ஆலைக்கு எதிரே மாமாக் கடையில்
மறுபடி அதே வழக்கு.

கன்சோலில் ஆடாதவன்
‘உப்புத்தீவை’ ஆடியவனே இல்லை
என்கிறான் சற்குணன்,
செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரன்.
தே ஓ ஆறுகிறது.
அவன் பெருவிரல்கள்
அங்கே இல்லாத கட்டையைத் தேய்க்கின்றன.

முப்பது ஃபிரேமில் மூச்சிரைக்கும் பெட்டிலா அது.
கணினியில் பார், நூற்றிருபது.
ஒவ்வொரு புல்லும் தனியா அசையும்.
இது யுகேந்திரன்,
அடகுக்கடை மாடியில் கணினி பழுதுபார்ப்பவன்.

புல்லை எண்ணவா போனேன்?

போர்ட்டே தெரியாமல் பேசாதே.

எனக்குத் தெரிந்த போர்ட்
போர்ட் கிள்ளான் ஒன்றுதான்,
அங்கேயும் பாதிச் சரக்கு
உடைந்துதான் இறங்கும்.

பிறகு இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.
லோச்சனி, நீ சொல்லு.

நான் எடைமேடைக் கிளார்க்.
யுகேந்திரனிடம் தவணையில் வாங்கிய
பழைய பேங்க் கணினியில் ஆடியவள்.
‘வட்டப் பொத்தானை அழுத்து’ என்றது திரை.
என் கீபோர்டில் வட்டம் ஏது?
ஒவ்வொரு கட்டையாய்க் குத்திப் பார்த்து
எஃப்-தான் வட்டம் என்று கண்டுபிடிக்க
ஒரு வெள்ளிக்கிழமை போயிற்று.

உப்பளங்களில் விளக்கோடு நடந்தேன்.
ஏழு வீடு, ஏழு இருட்டு.
கேட்டவர்க்கெல்லாம் எண்ணெய் ஊற்றினேன்.
கடைசியில் படகுத்துறை.
என் விளக்கில் ஒரு சொட்டு.
படகை அழைக்க விளக்கைத் தூக்கினேன்,

நின்றது.

பாதி தூக்கிய கை.
நகராத அலை.
வயலினின் ஒரே சுரம்
அறுக்கத் தெரியாத நூல்போல
நீண்டது, நீண்டது.

இதுதான் முடிவு என்று நினைத்தேன்.
கொடுத்தவளுக்குப் படகு வராது.
என்ன நெஞ்சுரம் இதைச் செய்தவர்களுக்கு!
அந்தச் சுரத்தின் கீழே உட்கார்ந்து
மூக்குச் சிந்தக்கூட எழாமல்
அழுதேன்.

மறுநாள் சற்குணன் லாரிக்கு
ஒன்பது டன் குறைத்து எழுதினேன்.
இன்றும் சொல்லிக்காட்டுகிறான்.

மூன்று மாதம் கழித்து யுகேந்திரன் வந்தான்.
அலமாக், அது முடிவு இல்லைலா,
அந்த இடத்தில் எல்லாருக்கும் தொங்கும்.
ஏதோ இறக்கினான், ஏதோ ஏற்றினான்.
கை முழுதாய் உயர்ந்தது.
படகு வந்தது.
படகில் ஏழு வீட்டுக்காரர்கள்,
ஆளுக்கொரு விளக்கு.
செய்தவர்களின் பெயர்கள்
பதினோரு நிமிடம் ஏறிப் போயின.
நான் மேகி சாப்பிட்டேன்.
கண் காய்ந்தே இருந்தது.

அப்படியென்றால் நீ அழுதது
ஒரு கோளாறுக்கு, என்று சிரிக்கிறான் யுகேந்திரன்.

ஆமாம்.
கண்ணீருக்கு எடைச்சீட்டு உண்டா,
இது சரக்கு, இது கழிவு என்று பிரிக்க?

சற்குணன் சிரிக்கவில்லை.
படகு வந்தப்போ
கட்டை நடுங்கிச்சு, என்கிறான்.
கட்டைதானா, என் கையான்னு தெரியலை.
மறுநாள் செம்பனைக்குள்ளே
லாரியை ஓரங்கட்டி
அரை மணி நேரம் நின்னேன்.
டயர் பஞ்சர்னு சொன்னேனே, அது.

இருவரும் யுகேந்திரனைப் பார்த்தோம்.
நீ எப்போ அழுதே?

அவன் ரொட்டியைப் பிய்த்தான்.
பிய்த்ததையே மறுபடி பிய்த்தான்.

முதல் பத்து நிமிஷம்
முந்நூறு தடவை ஆடியிருக்கேன்.
புல் அசையுதா, சூடு ஏறுதா,
கஸ்டமருக்குக் காட்டணும்.
அதுக்கு மேலே போனதில்லை.

ஆலைச் சங்கு ஊதியது.
மாமாக் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கினார்.

பழைய பதிப்பு இன்னும் வெச்சிருக்கியா?
என்று கேட்டான், என்னைப் பார்க்காமல்.

இருக்கிறது.
‘எடைச்சீட்டு இரண்டு’ என்ற ஃபோல்டரில்,
யாரும் திறக்காத பெயரில்.

தொங்குற இடத்துக்குப் போக
ஒன்பது மணி நேரமாகும், என்றேன்.
வட்டம்னா எஃப்.

தெரியும், என்றான்.
பிறகு, மெதுவாக,
தெரியாது.